கடலூரில் செப்டிக் டேங்க் உறிஞ்சு குழி நிரம்பி வழிகிறது, ஏன்?

டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதே உறிஞ்சு குழி. டேங்கில் கசடு ஏறினால் துகள் குழிச்சுவரில் கறுப்பாக, வழவழவென்று படியும். மண் தண்ணீரைக் குடிக்காது. பொடி ரொம்ப நைசானால் ஃபில்டரில் டிகாஷன் இறங்காதே, அதே கதை.

முதலில் லாரி வைத்துக் கசடை எடுங்கள். 2–3 வருடத்துக்கொருமுறை அவசியம். டேங்கின் வெளிக்குழாயிலுள்ள 'டீ' (T வடிவ இணைப்பு) உடைந்திருந்தால் மாற்றுங்கள், இல்லையேல் மிதக்கும் ஏடு நேரே குழிக்குள் போகும். இன்னொரு குழிக்குத் தண்ணீரைத் திருப்பி, பழையதை ஆறு மாதமாவது காயவிட்டால் வழவழப்பு மட்கும். விஷவாயு இருக்கும், உள்ளே யாரும் இறங்கக் கூடாது.

தேவனாம்பட்டினம் போன்ற கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வழிந்தால், பெரும்பாலும் நிலத்தடி நீர் குழிவரை ஏறியிருக்கும். அங்கே ஆழமாகத் தோண்டுவது வீண். ஆழம் குறைத்து அகலமாக்குங்கள்.

ஆசிட் ஊற்றினால் அடைப்பு போகும் என்பார்கள். கசடைத் தின்னும் நுண்ணுயிர்தான் சாகும்.