எடோ காலத் தட்டு என்று விற்றார்கள், அடியில் ஆங்கில முத்திரை இருக்கிறது

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். நான்கு மாதம் முன்பு ஒரு பழம்பொருள் கடையில் நீலம், சிவப்பு, தங்கம் தீட்டிய பீங்கான் தட்டு ஒன்றை 2,80,000 யென்னுக்கு வாங்கினேன். ரசீதில் 'கோ-இமாரி, எடோ காலம்' என்று இருக்கிறது. போன வாரம் சுவரில் மாட்டும் கம்பியைக் கழற்றியபோது அடியில் 'ஜப்பான்' என்று ஆங்கில முத்திரை தெரிந்தது. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் கடைக்காரர். பணம் கிடைக்குமா?

பதில்: நல்ல வாய்ப்பு இருக்கிறது, காரணம் அந்த ரசீதுதான். வெறும் 'இமாரி' என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், அது பாணியின் பெயர், நேற்று செய்த தட்டுக்கும் பொருந்தும். 'கோ' சேர்ந்தால் பழையது என்று பொருள், கூடவே காலத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரிதா சூளைகளில் வெந்து இமாரி துறைமுகம் வழியாகப் போய், 1659-இல் டச்சுக் கம்பெனி பெரிய அளவில் வாங்கத் தொடங்கிய அந்தப் பீங்கானுக்காகத்தானே நீங்கள் இவ்வளவு விலை கொடுத்தீர்கள்.

எடோ காலம் 1868-இல் முடிந்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் 'நிப்பான்' (ஜப்பானிய மொழியில் ஜப்பானின் பெயர்) என்று போட்டார்கள், 1921-க்குப் பிறகு 'ஜப்பான்'. ஆக உங்கள் தட்டு பெரும்பாலும் அதற்கும் பிந்தியது.

ஜப்பானின் நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம், 4-ஆம் பிரிவு: முக்கியமான விஷயத்தில் வியாபாரி உண்மைக்கு மாறாகச் சொல்லி, அதை நம்பி வாங்கினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கடைக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, அவரே ஏமாந்திருந்தாலும் சரி. 'திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற பேச்சு இந்த உரிமையைத் தடுக்காது. ஆனால் உண்மை தெரிந்ததிலிருந்து ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். விற்றவர் வியாபாரியாக இல்லாமல் தனிநபராக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, தவறாகப் புரிந்துகொண்டு செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய வழி தரும் சிவில் சட்டப் பிரிவைத்தான் பிடிக்க வேண்டும்.

தட்டைத் தேய்த்துக் கழுவாதீர்கள், யாருக்கும் விற்காதீர்கள். முத்திரையையும் ரசீதையும் படம் எடுத்துக்கொண்டு, தபால் நிலையத்தில் உள்ளடக்கச் சான்றுக் கடிதமாக (என்ன எழுதினீர்கள் என்பதற்குத் தபால் நிலையமே சான்று தரும் கடிதம்) ரத்து அறிவிப்பை அனுப்புங்கள். அப்புறம் 188-க்குப் போன் செய்தால் நுகர்வோர் மையத்துடன் இணைப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எளிய நீதிமன்றத்தில் சிறு வழக்கு போடலாம், வரம்பு 6,00,000 யென், உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 3,000 யென், தபால் செலவு தனி, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

தட்டு பிடித்துப்போய் வைத்துக்கொள்ள மனம் வந்தால் விலையைக் குறைத்து வித்தியாசத்தைத் திரும்பக் கேளுங்கள், 'ஜப்பான்' முத்திரைக் கால ஏற்றுமதிப் பீங்கானைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பழைய ரசீதுக்குப் பதிலாகச் சரியான விவரம் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், நாளை நீங்கள் அதை விற்கும்போது அந்தக் 'கோ-இமாரி' உங்கள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது.