சந்தைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஏசி, சுத்தம் தவிர வேறு என்ன வித்தியாசம்?

ஏசியையும் சுத்தத்தையும் நீங்களே ஒதுக்கிவிட்டது நல்லது. என் கணக்கில் பெரிய வித்தியாசம், யார் நம்மை வாங்க வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

சந்தையில் அது எதிரில் நிற்கும் ஆள். பேசுவார், சலித்துக்கொள்வார், போகிறவரைக் கூப்பிட்டு விலையைக் குறைப்பார். "இன்றைக்கா, ரெண்டு நாள் கழித்தா?" என்று கேட்டு அதற்கேற்ற பழமாகப் பொறுக்கித் தருவார். மளிகைக் கடைகளிலும் முன்பெல்லாம் கேட்டால்தான் பொருள் கைக்கு வரும். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ்தான் அதை மாற்றியவர்களில் முக்கியமானவர். அலமாரிகளைத் திறந்து வைத்து, கூடையைக் கையில் கொடுத்து, வெளியே போகும் வழியில் காசு வாங்கினார். கடை ஆட்கள் செய்த வேலை நம் தலைக்கு வந்தது. (இப்போது சில கடைகளில் பில் போடுவதும் நாமே!) கூடை கனத்தால் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்த சில்வன் கோல்ட்மேன் 1937-ல் ஓக்லஹோமாவில் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்.

ஆக, சூப்பர் மார்க்கெட்டில் யாரும் வற்புறுத்துவதில்லை என்பது பாதி உண்மைதான். அந்த வேலையை அடுக்கி வைத்திருக்கும் விதமே செய்கிறது. தினமும் தேவைப்படுவது பெரும்பாலும் உள்ளே தள்ளி இருக்கும். போகிற வழியில் மற்றதெல்லாம் கண்ணில் படும். கண்ணுக்கு நேரான தட்டில் இடம் பிடிக்க நிறுவனங்கள் கடைக்குப் பணம் கட்டுவதும் உண்டு.

விலை விஷயத்தில் சந்தையை ரொம்பப் புகழ மாட்டேன். பேரம் பேசத் தெரிந்தவருக்குத்தான் அது லாபம். கூச்சப்படுபவரும் ஊருக்குப் புதியவரும் அதிகம் கொடுத்துவிட்டு வருவார்கள். தராசிலும் ஒரு கண் வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டிய சீட்டில் இருக்கும் விலை எல்லோருக்கும் ஒன்றே என்பது கூச்சப்படுபவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெரிய நிம்மதி. ஆனால் அந்த விலை பெரும்பாலும் பொழுதுக்கேற்ப இறங்காது. சந்தையில் குளிர்பதன வசதி இல்லாத வியாபாரி, மிச்சத்தைச் சுமந்துகொண்டு போவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடுவதே மேல் என்று சாயங்காலம் இறங்கி வருவார்.

வாடிப்போகிற எதையும் நான் சந்தையில்தான் வாங்குவேன். பாக்கெட்டில் வருவதற்குச் சூப்பர் மார்க்கெட், அதுவும் கையில் பட்டியலோடு. அங்கே பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருக்காது; மலிவானது பல நேரம் குனிந்து எடுக்க வேண்டிய தட்டில் கிடக்கும்.