நிரல் எழுதக் கற்போருக்கு: கேள்வி பதில்

பைத்தானில் இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம் எழுதினேன். 5, 7 கொடுத்தால் 57 வருகிறது. எர்ரரும் காட்டவில்லையே?

காட்டாது. இன்புட் ஃபங்ஷன், கீபோர்டில் எதைத் தட்டினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகத்தான் கொடுக்கும். இரண்டு ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி இருந்தால் பைத்தான் அவற்றை ஒட்டிவிடும். அது முறையான வேலைதான். வாங்கும் வரியிலேயே இன்ட் போட்டு முழு எண்ணாக்கிவிடுங்கள். தசமம் வரலாம் என்றால் ஃப்ளோட், 5.5 என்று தட்டியதை இன்ட் ஏற்காது, வேல்யூ எர்ரர் தந்து நின்றுவிடும்.

இதைவிட ஏமாற்றுவது, ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது. கூட்டினால் டைப் எர்ரர் வந்து காப்பாற்றும். பெருக்கினாலோ 5 என்ற ஸ்ட்ரிங்கை ஏழு தடவை அடுக்கி 5555555 என்று கொடுத்துவிடும்! சந்தேகம் வந்தால், இருப்பது ஸ்ட்ரிங்கா எண்ணா என்று சொல்லும் டைப் ஃபங்ஷனில் அந்த மாறியைக் கொடுத்து அச்சிட்டுப் பாருங்கள்.

ஃபார் லூப்பில் 1 முதல் 10 வரை கூட்டினால் 45 வருகிறது. தோழிக்கு 10 வருகிறது. யாருடையது சரி?

இரண்டும் தப்பு, 55 வரவேண்டும். ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்திருப்பீர்கள். இரண்டாவது எண் கணக்கில் சேராது, 9-உடன் லூப் முடிந்துவிடும். 1, 11 என்று கொடுங்கள்.

தோழி ரேஞ்சைச் சரியாகக் கொடுத்துவிட்டு, மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் வரியை லூப்புக்குள் வைத்திருப்பார். ஒவ்வொரு சுற்றிலும் பழைய மொத்தம் அழிந்து, கடைசியில் சேர்த்த 10 மட்டும் மிஞ்சுகிறது. அந்த வரி ஃபாருக்கு மேலே, முன்னால் கூடுதல் இடைவெளி விடாமல் நிற்க வேண்டும். இந்த வகைத் தப்பைத் திரையை முறைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாளில் சுற்று, எண், மொத்தம் என மூன்று பத்தி போட்டு முதல் மூன்று சுற்றுகளைக் கையால் எழுதுங்கள். மொத்தம் 1, 3, 6 என்று ஏறாமல் 1, 2, 3 என்று போனால் கோளாறு எங்கே என்று தாளே சொல்லிவிடும்.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமில்லை என்கிறதே?

கணினி பின்னங்களை இரும முறையில் வைக்கிறது. அதில் 0.1 முடிவில்லாமல் நீளும் என்பதால் ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும், விடை 0.30000000000000004 ஆகிவிடுகிறது. ஃப்ளோட்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீர்கள், இரண்டும் போதிய அளவு நெருக்கமா என்று பார்க்கும், மேத் மாட்யூலில் உள்ள இஸ்குளோஸைப் பயன்படுத்துங்கள்.

எர்ரர் வந்தால் பத்து வரி கொட்டுகிறது. எதைப் படிப்பது?

பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேலே போங்கள். கடைசி வரி என்ன எர்ரர் என்று சொல்லும். அதற்கு மேலே கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அந்தக் கோப்பு உங்களுடையது இல்லை, ஏதோ லைப்ரரியுடையது என்றால் உங்கள் கோப்பின் பெயர் வரும்வரை மேலே ஏறுங்கள். சின்டாக்ஸ் எர்ரரில் (மொழியின் எழுத்து விதியை மீறிய தப்பில்) மட்டும், காட்டும் வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியில் மூடாத அடைப்புக்குறி இருக்கிறதா என்று தேடுங்கள். பைத்தான் 3.10-க்கு முந்தைய பதிப்புகளில் இந்தக் குழப்பம் அதிகம்.

சி மொழியில் நேர் எதிர்: முதல் எர்ரரிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலே, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தடுமாறிப் பின்னால் உள்ள நல்ல வரிகளையும் குறை சொல்லும். முதலாவதைத் திருத்தி உடனே மறுபடி கம்பைல் செய்யுங்கள். மற்றவற்றில் பாதி தானாகவே காணாமல் போயிருக்கலாம்.