பல்சாவில் ஃபிலிம் ஒட்டுமுன்: கேள்வி பதில்

பல்சா என்ற பாரமில்லாத மரத்தில் செய்த மொடல் விமானத்துக்கு, பின்பக்கம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமை இஸ்திரிப்பெட்டிச் சூட்டால் ஒட்டுவது பற்றித் திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒட்டுவதற்கு முன் மரத்தைத் தயார் செய்வதோடு என் பதிலை நிறுத்திக்கொள்கிறேன்.

உப்புவெளி: அண்ணை, எத்தனையாம் நம்பர் சாண்ட்பேப்பர் வரை போகவேணும்?

180இல் தொடங்கி 240, கடைசியில் 320. 400 போட்டாலும் பிழையில்லை. ஆனால் நம்பரை விடக் கட்டைதான் முக்கியம். தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் ரிப்புகளுக்கு (இறக்கைக்குள் இருக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) இடையில் மரம் குழியும். நேரான பலகைத் துண்டில் தாளை ஒட்டி, நார் ஓடும் பக்கமாகவே தேயுங்கள். மூட்டுகளில் கவனம் வேண்டும். இறுகிய சுப்பர் குளூ பல்சாவை விடக் கடினமானது. பக்கத்து மரம் தேய்ந்து இறங்க, பசைக் கோடு மட்டும் மேடாக நிற்கும். வழிந்த பசையை முதலில் பிளேட்டால் சுரண்டுங்கள். அப்புறம் அறையை இருட்டாக்கி, டோர்ச் லைட்டை மரத்தோடு ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் நிழலாக விழும். பளபளப்பான ஃபிலிம் எதையும் மறைக்காது, எடுத்துக் காட்டும்.

மூதூர்: நகம் பட்டுப் பள்ளமாகிவிட்டது. புட்டி வைக்கவா?

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். இஸ்திரிப்பெட்டி நுனியை மேலே காட்டினால் நசிந்த நார் ஆவியில் எழும்பிவிடும். நன்றாகக் காய்ந்தபின் தேயுங்கள். நார் அறுந்திருந்தால் மட்டும் பாரமில்லாத ஃபில்லர். வால் பக்கம் கனம் கூடினால் மூக்கில் ஈயம் வைத்துச் சமப்படுத்த வேண்டிவரும்.

நிலாவெளி: ஓரம் கழன்று வருகிறது, ஏன்?

தூசு. தேய்த்த தூள் மரத்தில் இருந்தால் பசை தூளில்தான் ஒட்டும். வக்யூமால் இழுத்துவிட்டு, மாஸ்கிங் ரேப்பால் ஒற்றி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம், நார் சிலிர்க்கும். எண்ணெய் வைத்த தலையைத் தொட்ட கையோடு மரத்தைத் தொடாதீர்கள்.

கிண்ணியா (தச்சுவேலை செய்பவர்): தம்பி, சீலர் (மரத்தின் துவாரங்களை அடைக்கும் பூச்சு) அடிக்காத மரம் உண்டா? கடற்காற்றில் ஈரம் குடிக்காதா?

ஐயா, கதவுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே விஷயம் வேறு. ஃபிலிமுக்கும் மரத்துக்கும் இடையில் அகப்படும் காற்று, சூடு படும்போது மரத்தின் துவாரங்களுக்குள் போகவேண்டும். சீலர் அந்த வழியை அடைத்துவிடும், கொப்புளம் நிற்கும். சீலரின் கரைப்பான் முழுதும் உலராமல் இருந்தால் இன்னும் மோசம். மேலே வரும் ஃபிலிமே ஈரத்தைத் தடுத்துக்கொள்ளும். எஞ்சின் அறை மட்டும் விலக்கு. அங்கே எரிபொருள் ஊறாமல் மெல்லிய எபொக்ஸி பூசத்தான் வேண்டும்.

மறுபடியும் கிண்ணியா: சீலர் இல்லாவிட்டால் மரத்துக்குள் இருக்கும் காற்றே சூட்டில் விரிந்து ஃபிலிமைத் தூக்குமே?

நல்ல கேள்வி, அது உண்மைதான். பலகை மூடிய இறக்கையில் நடக்கும். அதற்கு மருந்து குறைந்த சூடு: நடுவிலிருந்து ஓரத்துக்குப் போங்கள். அப்படியும் எழும்பினால் மெல்லிய ஊசியால் குத்தி, சூடு காட்டி, துணியால் அழுத்துங்கள். நம்பிக்கை வராவிட்டால் ஒரே பல்சாவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றுக்கு மட்டும் சீலர் அடித்து, இரண்டிலும் ஒட்டி ஒரு பகல் வெயிலில் வையுங்கள்.

கன்னியா: மாரியில் ஒட்டலாமா?

கார்த்திகை மழைக்குள் வேண்டாம். ஈரத்தில் ஊதிய மரம் பிறகு கச்சான் காற்றில் குறுக்காகச் சுருங்கும், ஃபிலிம் சுருக்கம் விழும். அவசரமென்றால் மூடிய அறையில் சில நாள் மின்குமிழின் கீழ் உலர்த்துங்கள்.

சீனக்குடா: எங்கே பறக்க விடலாம்?

உங்கள் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் கேட்காமல் எதையும் மேலே ஏற்றாதீர்கள்.

தம்பலகாமம்: இஸ்திரிப்பெட்டிச் சூடு எவ்வளவு?

ஒவ்வொரு கம்பனி ஃபிலிமுக்கும் வேறு. சுருளோடு வரும் தாளில் இருக்கும்.

பாலையூற்று: ஓரம் ஒட்டவில்லை, பசை கெட்டுவிட்டதா?

தூசு! நிலாவெளிக்குச் சொன்னதை வாசியுங்கள். துடைத்தும் ஒட்டாவிட்டால், அதுவும் பிளைவூட் என்றால், ஓரத்தில் மட்டும் பல்சாலொக் (சூட்டில் ஒட்டும் பசை) மெல்லிசாகப் பூசி, காயவிட்டு ஒட்டுங்கள்.