மணக்குடிக் காயலுக்கு 'ஸ்டாக்னன்ட்' பொருந்துமா?

அலையில்லாமல் அமைதியாகக் கிடக்கும் தண்ணீரைச் சொல்ல 'ஸ்டாக்னன்ட்' (stagnant) வேண்டாம்; 'ஸ்டில்' (still) அல்லது 'காம்' (calm) என்று போடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் படகுச் சவாரிக்கான ஆங்கில விளம்பரத்தில் 'ஸ்டாக்னன்ட் வாட்டர்' என்று இருந்தால், படிப்பவருக்குப் பாசியும் கொசுவும்தான் கண்ணில் நிற்கும்.

அகராதியில் 'தேங்கிய, அசைவற்ற' என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள், அதில் வந்த குழப்பமாக இருக்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். பக்கத்தில் குட்டை, நாற்றம் என்று வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள்.

அப்புறம், குளச்சலில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் விசைப்படகுகளுக்கு 'ஐடில்' (idle). மீனுக்காக ஆடாமல் நிற்கும் கொக்குக்கு 'மோஷன்லெஸ்' (motionless).

ஆனால் கோடையில் காயல் கடலில் சேரும் பொழிமுகத்தை மணல் அடைத்து, அங்கே வந்து சேரும் பழையாற்றுத் தண்ணீர் நாறும்போது 'ஸ்டாக்னன்ட்' சரிதான். அதை யார் விளம்பரத்தில் போடப்போகிறார்கள்!