ஹீட் ஷாக் புரதத்தில் பிஎச்டி: வேலை கிடைக்குமா?

அம்மா, எம்.எஸ்சி. உயிர்வேதியியல் கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகள் ஹீட் ஷாக் புரதங்களில் பிஎச்டி செய்யப் போகிறேன் என்கிறாள். இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் தேர்ந்தெடுத்தது நல்ல விஷயம்.

1962இல் ரிட்டோசா என்ற இத்தாலிய ஆய்வாளர், சூடு பட்ட பழ ஈயின் குரோமோசோமில் புதிதாகச் சில இடங்கள் புடைத்திருப்பதைக் கண்டார். சூடு தாங்காத செல் அவசரமாகச் சில புரதங்களைத் தயாரிக்கிறது, குலைந்துபோகும் மற்ற புரதங்களை அவை தாங்கிப் பிடிக்கின்றன என்பது பின்னர் தெளிவானது. இவைதான் ஹீட் ஷாக் புரதங்கள், சுருக்கமாக எச்எஸ்பி. புற்றுநோய் செல்லும் இதையே கேடயமாக்கிக்கொள்கிறது. கீமோ மருந்து அடித்தாலும் எச்எஸ்பி70, எச்எஸ்பி27 இரண்டும் செல் சாகாமல் காக்கின்றன. எச்எஸ்பி90, ஹெர்2 போன்ற வளர்ச்சிப் புரதங்களைக் கட்டிக் காக்கிறது.

சரி, எச்எஸ்பி90ஐ முடக்கினால் போதாதா? முடக்கியதும், இந்தப் புரதங்களைத் தயாரிக்கும் ஜீன்களை இயக்கும் எச்எஸ்எஃப்1 விழித்துக்கொண்டு எச்எஸ்பி70ஐக் கூட்டிவிடுகிறது. எச்எஸ்பி90ஐ முடக்கும் கனெடெஸ்பிப் என்ற மருந்து நுரையீரல் புற்றுநோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் கைகொடுக்கவில்லை. ஆனால் 2022இல் ஜப்பான், ஜிஸ்ட் எனும் வயிற்று-குடல் கட்டிக்கு அதே வகை மருந்தான பிமிடெஸ்பிப்பை அனுமதித்தது. இன்னும் விடை தேட வேண்டியது நிறைய இருக்கிறது, பிஎச்டிக்கு அதுதான் வேண்டும்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். பிஎச்டி முடிக்கப் பொதுவாக ஐந்து வருடம் ஆகும். அரசுப் பணியிடங்கள் குறைவு. ஆனால் செல் கல்ச்சர் (செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது), வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தைக் கண்டறிவது), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக அளப்பது) கைவந்தவர்களை மருந்து நிறுவனங்களும் நோயறிதல் ஆய்வகங்களும் தேடுகின்றன. கூடவே ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. உங்களிடம் கை நீட்ட வேண்டியிருக்காது.

எனக்குப் பெரிய கவலை வழிகாட்டியைப் பற்றித்தான். நவி மும்பையில் உள்ள ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆய்வு மையமோ, ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி உயிரியல் ஆய்வு மையமோ, பெயரைப் பார்த்து மட்டும் சேர வேண்டாம். அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள். முந்தையவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், கெமிக்கல் வாங்கப் பணம் தடையில்லாமல் வருகிறதா? மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கட்டும். கடைசி வருட மாணவர்களும் நெட் எழுதலாம், அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.