பிரிக்கெட்டோடு நிலக்கரி கலந்தால் பிரஷர் ஏறுமா?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். மணிக்கு 3 டன் நீராவி தரும் பாய்லர். இந்தோனேசிய நிலக்கரியை விட்டு, கடலைத்தோல் பிரிக்கெட்டுக்கு (தோலை அழுத்திச் செய்த எரிகட்டி) மாறி இரண்டு மாதம் ஆகிறது. 10 கிலோவில் நின்ற பிரஷர் 7-க்கு இறங்குகிறது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல் கட்டி) கட்டுகிறது. 20 சதவீதம் நிலக்கரி கலந்தால் சரியாகும் என்கிறார் புரோக்கர். கலக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கடலைத்தோல் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. அதோடு மணல் சேர்ந்தால் 800–900 டிகிரியிலேயே உருகி, அடுப்பின் அடித்தட்டான கிரேட்டின் கம்பிகளுக்கு இடையில் இறங்கிக் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். கிரேட்டுக்குக் கீழிருந்து வரும் அடிக்காற்று அடைபடும், வேகாத கரி சாம்பலோடு வெளியே போகும், பிரஷர் விழும். இந்த நிலையில் நிலக்கரியைப் போட்டால் கிரேட்டின் மேல் சூடு கூடும், உருகுவதும் கூடும். புரோக்கருக்கு மட்டும் இரண்டு வியாபாரம்.

மணல் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடலாம். லோடிலிருந்து ஒரு கிலோவை இரும்புத் தட்டில் முழுக்க வெண்சாம்பலாகும்வரை எரித்து எடை போடுங்கள். சுத்தமான கடலைத்தோலில் 30 முதல் 60 கிராம் நிற்கும். 100 கிராமைத் தாண்டினால் மண் கலந்திருக்கிறது, அல்லது உமி கலந்திருக்கிறது. சாம்பலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். விரலால் தேய்த்தால் நெறநெறக்கும்.

அடுத்து, கிலோவுக்கு 4,200 கிலோகலோரி வெப்பம் என்று புரோக்கர் காட்டும் ரிப்போர்ட். அது எந்த நிலையில் அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் முழுக்க உலர்த்திய சாம்பிளின் கணக்கைத்தான் நீட்டுவார்கள். 18 சதவீதம் ஈரத்தோடு வந்து இறங்கும் சரக்கில் அது 3,444 தான். 8 சதவீத ஈரமென்றால் 3,864. பாய்லர் திறன் 70 சதவீதம், உள்ளே போகும் தண்ணீர் 60 டிகிரி என்று வைத்தால், ஒரு டன் நீராவிக்கு முதல் சரக்கில் 250 கிலோ, இரண்டாவதில் 223 கிலோ. நாளுக்கு 60 டன் நீராவி எடுத்தால் 1,600 கிலோ அதிகம் எரிக்கிறீர்கள். ஈரம் கூடினால் திறனும் குறையும் என்பதால் உண்மையான நஷ்டம் இதைவிடப் பெரிது.

சாம்பிளை லாரியின் மேல்தட்டில் எடுக்காதீர்கள். நல்ல சரக்கை அங்கேதான் அடுக்குவார்கள். இறக்கும்போதே ஐந்து இடத்தில், அடித்தூளும் சேர்த்து எடுத்து, காற்றுப் புகாத இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். காகிதப் பையில் அனுப்பினால் வழியிலேயே ஈரம் பறந்துவிடும். ஒரு பாதி லேபுக்கு, மறுபாதி உங்களிடம். பணத்தை டன் கணக்கில் பேசாமல், வந்து இறங்கிய நிலையிலுள்ள கிலோகலோரிக் கணக்கில் பேசுங்கள்; ஈரம் 10 சதவீதத்தையோ சாம்பல் 6 சதவீதத்தையோ தாண்டினால் பிடித்தம் என்று எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் சரக்கு எடுக்கவே வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு கலந்த பிரிக்கெட் தருகிறேன் என்றும் வருவார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் இது மலிவு. உப்பும் பொட்டாசியமும் அதிகம் என்பதால் கிளிங்கரோடு பாய்லர் டியூப் அரிப்பும் வரும். ஒரே விலக்கு, நல்ல தண்ணீரில் கழுவி உப்பிறக்கிய நார்க்கழிவு. ஆனால் கழுவியது செடி வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதிக்கே போய்விடும். அந்த விலைக்கு யாரும் அடுப்பில் போடமாட்டார்கள். கழுவியதாகச் சொல்லி மலிவாகத் தந்தால், அது ஏற்றுமதியில் கழித்த சரக்கு என்று எடுத்துக்கொண்டு சாம்பல் சோதனையோடு குளோரின் அளவையும் லேபில் கேளுங்கள். மழை நீரில் நனைந்து கிடந்ததைக் கழுவியது என்று நம்பாதீர்கள்.

நல்ல சரக்கு வந்த பிறகு காற்றை மாற்றுங்கள். பிரிக்கெட்டின் எடையில் 65 சதவீதத்துக்கு மேல் வாயுவாகி மேலே எரியும். நிலக்கரிக்கு வைத்த அடிக்காற்றைக் குறைத்து, தீக்கு மேலே விடும் மேல்காற்றைக் கூட்ட வேண்டும். புகைபோக்கியில் கரும்புகை வந்தால் மேல்காற்று போதவில்லை. ஃபயர்மேனிடம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடச் சொல்லுங்கள்.

அனல்மின் நிலையங்கள் பயோமாஸ் பெல்லட்டை நிலக்கரியோடு சேர்த்து எரிக்க வேண்டும் என்று 2021-இலேயே மத்திய மின்துறை கொள்கை வகுத்தது. ஆனால் உங்களைப் போன்ற 3 டன் பாய்லர்காரருக்கு லாரியில் வரும் சரக்கைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. தினம் லோடு இறங்குகிறது, ரிப்போர்ட் வருவதற்குள் அந்தச் சரக்கு எரிந்தே போகிறது. அப்படியிருந்தும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை நடத்தத் தரும் அனுமதியான இசைவாணையில் எழுதிய எரிபொருள் ஒன்று, அடுப்பில் இருப்பது இன்னொன்று என்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், புரோக்கர் அல்ல. இசைவாணையை எடுத்துப் பாருங்கள். பிரிக்கெட் அதில் இல்லையென்றால் திருத்தத்துக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.